கைவிடப்பட்ட சிசுக்களுக்கு உதவுதல்: கொழும்பில் கொடுக்கும் காசு எங்கே போக வேண்டும்

கொழும்பில் பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா அம்மாவின் ஆண்டுத் திவசம் என்று வந்தால் சிறுவர் இல்லமொன்றுக்குப் போன் எடுத்து ஒரு நேரச் சாப்பாட்டைப் பொறுப்பெடுப்பது பழகிப்போன வழக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதற்கென்றே மொத்தமாகப் பார்சல் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்கு அது நல்ல உதவிதான். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களைப் பராமரிக்கும் இல்லத்தில் அந்தச் சோற்றைச் சாப்பிடப்போவது அங்கே வேலை செய்கிறவர்கள் மட்டுமே. ஆகவே அங்கே போகிறவர்கள் பால்மாவும் பம்பர்ஸும் பேபி சோப், கிரீம், கொலோன் சேர்ந்த அழகான கிஃப்ட் பெட்டியும் வாங்கிக்கொண்டு போவார்கள். நத்தார் காலத்தில் அலுமாரி கொள்ளாத அளவு பொருள் சேரும். ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று சிசுக்கள் ஒரே நேரத்தில் அழும்போது தூக்குவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு முன், கைவிடப்பட்ட சிசு எந்த வழியாக ஓர் இல்லத்துக்கு வந்து சேர்கிறது என்பது தெரிந்தால்தான் எந்த இடத்தில் காசு உதவும், எந்த இடத்தில் உதவாது என்பது பிடிபடும்.

செய்தியில் வருவது வீதியோரத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் கண்டெடுக்கப்படும் சிசுக்கள். 2023 மார்ச்சில் கொழும்புக் கோட்டையில் மட்டக்களப்பு ரயிலின் கழிப்பறையில் சிசு ஒன்று மீட்கப்பட்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. சில நாட்களில் பெற்றோரும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஆனால் செய்தியில் வராத சிசுக்களும் பலர். தாய் ஆஸ்பத்திரியில் பெற்றுவிட்டு டிக்கெட் வெட்டாமலே, அதாவது வீட்டுக்குப் போக அனுமதி எழுதி வாங்காமலே, போய்விடுவாள்; அல்லது “என்னால் வளர்க்க முடியாது” என்று வாட்டிலேயே சொல்லிவிடுவாள். கொழும்பில் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் பெரிய மகப்பேற்று ஆஸ்பத்திரிகள் என்பதால் தூர மாவட்டத்துப் பெண்களும் இங்கே வந்து பெறுகிறார்கள். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

வழி இதுதான். ஆஸ்பத்திரி பொலிஸுக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் (சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் அரச அதிகாரி) அறிவிக்கும். பொலிஸ் விடயத்தை நீதவான் நீதிமன்றத்தில் அறிக்கையிடும். நீதவானின் கட்டளையோடு, பதிவுசெய்யப்பட்ட இல்லமொன்றில் சிசு தற்காலிகமாக ஒப்படைக்கப்படும். பெற்றோரைத் தேடும் வேலை பொலிஸுக்கும் நன்னடத்தைத் திணைக்களத்துக்கும் உரியது. பெற்றோர் கிடைக்காவிட்டால், அல்லது சட்டப்படி விட்டுக்கொடுத்தால், மாகாண நன்னடத்தை ஆணையாளர் தத்தெடுக்கக் காத்திருக்கும் தம்பதி ஒன்றைப் பொருத்துவார். கடைசியில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளைத் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தத்துக் கட்டளை வழங்கும். இந்த வழியில் எந்த இடத்திலும் கொடையாளிக்கோ இல்ல நடத்துநருக்கோ சிசுவை இன்னாருக்குக் கொடு என்று சொல்லும் உரிமை இல்லை.

வழியில் சிசு ஒன்றைக் கண்டவர் செய்ய வேண்டியது வேறு கதை, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். 119 பொலிஸ், 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. கொழும்பு வெக்கைதானே என்று நினைத்து ஈரச் சிசுவை ஃபேனுக்குக் கீழே கிடத்த வேண்டாம். ஈரம் காயும்போது உடற்சூடு விறுவிறென்று இறங்கும், 36.5 பாகைக்குக் கீழே போனாலே ஆபத்துத் தொடங்கிவிடும். ஈரத்தைத் துடைத்து, தலையையும் மூடி, யாராவது தன் நெஞ்சோடு தோல்படும்படி அணைத்து வைத்திருக்க வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. கொப்பூழ்க்கொடியைப் பிளேட்டால் வெட்டக் கூடாது, இழுக்கவும் கூடாது. சீனித் தண்ணீர், தேன் ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது. கண்டெடுத்தவரே வைத்து வளர்க்கலாம் என்பது சிலருடைய நல்லெண்ணம், ஆனால் அது பிற்பாடு சிசுவின் பிறப்புப் பதிவையே சிக்கலாக்கிவிடும்.

இனிப் பொருட்களுக்கு வருவோம். பால்மா என்று சொல்லி ஆட்கள் கொண்டுவருவதில் ஒரு பகுதி, தேத்தண்ணிக்குப் போடும் முழு ஆடைப் பால்மா. ஒரு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்க முடியாது: புரதமும் உப்பும் கூடுதல், இரும்புச்சத்து குறைவு, சிறுநீரகத்துக்குச் சுமை. சிசுவுக்குரிய மாவிலும் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரைக்கானது ஒன்று, ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்று. குறைமாதச் சிசுவுக்கு டொக்டர் எழுதித் தருவது வேறு.

அளவைப் பார்ப்போம். முதல் வாரம் முடியும்போது சிசுவுக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் பால் தேவை. 3 கிலோச் சிசுவுக்கு 450 மி.லீ. கரைத்த பால் 100 மி.லீற்றருக்குச் சுமார் 13 கிராம் மா என்று வைத்தால் நாளுக்கு 60 கிராம். 400 கிராம் பெட்டி ஒரு வாரத்துக்குக் காணாது. அதே பிள்ளை நாலைந்து மாதத்தில் 6 கிலோவானால் 900 மி.லீ., அதாவது கிட்டத்தட்ட 120 கிராம்; பெட்டி மூன்றரை நாளில் முடியும், மாதத்துக்கு ஒன்பது பெட்டி வேண்டும். பத்துச் சிசுக்கள் உள்ள ஓர் இல்லம் நாளுக்கு இரண்டு பெட்டிக்கு மேல் உடைக்கும். நீங்கள் கொண்டுபோகும் ஆறு பெட்டி மூன்று நாள் கூட நிற்காது என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

ஆறு பெட்டியும் ஆறு பிராண்ட் என்றால் அது உதவியே இல்லை. ஒரு பிராண்டின் கரண்டி 30 மி.லீ. தண்ணீருக்கு ஒன்று, இன்னொன்றின் கரண்டி 60 மி.லீற்றருக்கு ஒன்று என்று இருக்கலாம். இரவு வேலைக்கு வருகிறவர் ஒரு பெட்டியின் கரண்டியை மற்றப் பெட்டியில் போட்டால் பால் ஒன்றில் தடிக்கும், இல்லையேல் தண்ணீராகும். தடித்தால் மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுதல். தண்ணீரானால் பிள்ளை குடித்துக்கொண்டே இருக்கும், நிறை மட்டும் ஏறாது. இப்படி நிறை ஏறாத பிள்ளைக்கு நோய் தேடி அலைந்துவிட்டுக் கடைசியில் கரண்டியில் வந்து நிற்பதுண்டு. ஆகவே இல்லத்துக்குப் போன் எடுத்து, இப்போது என்ன பிராண்ட், எந்த வயதுக்குரியது, எத்தனை பெட்டி இருப்பில் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். காலாவதித் திகதி ஆறு மாதமாவது தள்ளி இருக்கட்டும்.

மா கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொதித்தாறிய தண்ணீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைக் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். கரைத்த பாலை அறைவெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு சிசுவுக்கு நாளுக்கு எட்டு முறை என்றால் பத்துச் சிசுவுக்கு எண்பது போத்தல் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். இந்தக் கணக்கில்தான் உண்மையான தேவைகள் தெரியவரும்: அகன்ற வாய் போத்தல்கள், மேலதிகச் சூப்பிகள், பெரிய கொதிகலம், 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், உடுப்புத் துவைக்கும் மெஷின், அது பழுதானால் திருத்தும் செலவு. யாரும் படம் எடுத்துப் போடாத பொருட்கள் இவை.

பம்பர்ஸில் ஆட்கள் வாங்குவது ஆகச் சிறிய அளவு. பிறந்த சிசுவுக்குரியது சில வாரங்களில் அளவு போதாமல் போகும். மீடியமும் லார்ஜுமே அதிக காலம் ஓடுவது. கொலோனும் டல்கம் பவுடரும் வேண்டவே வேண்டாம். பவுடர் மூச்சோடு உள்ளே போகும், கொலோன் தோலை எரிக்கும். இல்லத்தார் முகத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அது மேல்தட்டில் வரிசையாக நின்று தூசி பிடிக்கும். பழைய உடுப்புக் கொடுப்பதானால் பருத்தி, முன்பக்கம் திறப்பது, ரிப்பனும் கழன்று விழும் பட்டனும் இல்லாதது.

இன்னொன்று. மகப்பேற்று ஆஸ்பத்திரிக்கு நேரே போய்ப் பால்மா தானம் செய்ய வேண்டாம். தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைச் சந்தைப்படுத்துவது பற்றிய சர்வதேசக் கோவை 1981இல் வந்தது. இலங்கையிலும் அதை ஒட்டிய விதிகள் உண்டு. வாட்டில் இலவசப் பால்மா குவிந்தால், பால் கொடுக்கத் தயங்கிக்கொண்டிருக்கும் தாய்மாரின் தயக்கம் இன்னும் கூடும். தாயில்லாச் சிசுவுக்கு வாட்டில் என்ன வேண்டும் என்று பொறுப்புத் தாதி சொன்னால், சொன்ன பொருளை மட்டும் கொடுங்கள்.

இப்போது பெரிய செலவுக்கு வருகிறோம். பிறந்த சிசு ஒரு முறை பால் குடித்து ஏப்பம் விட இருபதிலிருந்து முப்பது நிமிஷம். எட்டு முறைக்கு மூன்று, நாலு மணித்தியாலம். நாலு சிசுவைப் பார்க்கும் ஒருவருக்குப் பால் கொடுப்பது மட்டுமே பதினொன்றிலிருந்து பதினாறு மணித்தியால வேலை. துடைப்பது, மாற்றுவது, குளிப்பாட்டுவது, தூக்கி வைத்துக் கதைப்பது வேறு. ஆள் போதாத இடத்தில் நடப்பது ஒன்றுதான்: போத்தலைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். பால் புரையேறும், காதுக்குள் நீர் கட்டும். அதைவிட மோசமானது, அழுதால் யாராவது வருவார்கள் என்பதைப் பிள்ளை மறந்துவிடும். மூன்று மாதச் சிசுக்கள் பத்துப் பேர் இருக்கும் அறை சத்தமே இல்லாமல் இருக்கிறது என்றால், எவ்வளவு அமைதியான பிள்ளைகள் என்று மெச்சிவிட்டு வர வேண்டாம். பராமரிப்புக் குறைவின் அறிகுறி அது.

இது ஊகம் இல்லை. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வொன்றில் 136 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். இல்லத்திலிருந்து இரண்டு வயதுக்கு முன்னர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், பிந்திப் போனவர்களைவிடவும் இல்லத்திலேயே இருந்தவர்களைவிடவும் அறிவிலும் ஒட்டுறவிலும் முன்னேறினார்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் குடும்பச் சூழலே தேவை என்று 2009இன் ஐக்கிய நாடுகள் வழிகாட்டலும் சொல்கிறது. அப்படியானால், இல்லம் தவிர்க்க முடியாத காலத்தில் கொடையாளி செய்யக்கூடிய பெரிய காரியம், ஒரே முகம் தொடர்ந்து வந்துபோகும்படி ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது.

கணக்கு இப்படி வரும். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். தொழில்கொடுநர் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்தால் 34,500. வாரத்தில் 168 மணித்தியாலம். ஒருவர் 45 மணித்தியாலம் வேலை செய்தால், லீவும் சேர்த்து, ஓரிடத்தில் எப்போதும் ஒருவர் இருக்க நாலு பேர் வேண்டும். அதாவது மாதம் 138,000 ரூபாய், அதுவும் ஆகக்குறைந்த சம்பளத்தில். ஒருவர் மூன்று சிசுவைப் பார்ப்பதென்றால், சிசு ஒன்றுக்கு மாதம் 46,000 ரூபாய் பராமரிப்பாளர் சம்பளத்துக்கே போகும். பல இல்லங்கள் இதைச் சமாளிப்பது உள்ளேயே தங்கியிருக்கும் இரண்டு மூன்று பெண்களைப் பகலிரவாக வேலை வாங்கித்தான். அவர்கள் ஆறு மாதத்தில் களைத்துப் போய்விடுவார்கள், சிசு மறுபடியும் புது முகத்தைப் பழக வேண்டும்.

ஆகவே வருடத்தில் ஒருநாள் 50,000 ரூபாய்க்குச் சாமான் கொடுப்பதைவிட, ஏறக்குறைய அதே காசை மாதம் 4,000 ரூபாயாக வங்கி நிலையான கட்டளை மூலம் அனுப்புவது மேல். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒருவரின் சம்பளம் முழுதாக வந்துவிடும். “சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டோம், பிள்ளைக்குத்தான் கொடுப்போம்” என்று சொல்லும் கொடையாளிகள் ஏராளம். சிசுவைப் பொறுத்தவரை அந்தப் பிரிப்பு அர்த்தமில்லாதது.

ஒரு சின்ன இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இல்லத்துச் சிசு ஒன்றுக்கு நெஞ்சுச் சளி கூடி பொரளை ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சேர்க்கிறார்கள். வைத்தியமும் மருந்தும் இலவசம். ஆனால் கட்டிலோடு ஒருவர் பகலிரவாகத் துணைக்கு நிற்க வேண்டும். ஐந்து நாள் வாட்டில் இருந்தால் இல்லத்தில் ஒரு ஆள் ஐந்து நாளைக்குக் குறைவு. அந்த ஐந்து நாளைக்குப் பதில் ஆளின் கூலி, ஓட்டோக் காசு, துணை நிற்பவரின் சாப்பாடு: இதற்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கிக் கொடுக்கும் கொடையாளி கிடைப்பது அரிது. தாய் யாரென்று தெரியாத சிசுவுக்குத் தாயின் கிளினிக் பதிவும் இருக்காது, அதனால் எச்.ஐ.வி., சிபிலிஸ், தைரொயிட் பரிசோதனைகள் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். அவையும் அரச ஆஸ்பத்திரியில் இலவசம், பி.சி.ஜி. தொடங்கி மற்றத் தடுப்பூசிகளும் இலவசம். வெளியில் தனியார் ஆஸ்பத்திரிச் செலவு என்று காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த தடங்கல் கடதாசி. தத்தெடுக்கச் சிசு வேண்டும் என்று காத்திருக்கும் தம்பதிகளின் வரிசை நீளமானது. குடும்பம் கிடைக்காததால் கைக்குழந்தை இல்லத்தில் நிற்பது அரிது. நிற்பது பிறப்புப் பதிவு முடியாததால், பொலிஸ் அறிக்கை வராததால், வழக்குத் தவணை தள்ளிப்போவதால், அல்லது தாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல் போவதால். இதற்கென்று ஓர் இல்லத்தில் முழுநேரச் சமூகசேவை உத்தியோகத்தர் ஒருவர் இருந்து, பதிவாளர் அலுவலகத்துக்கும் பொலிஸுக்கும் நன்னடத்தை அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தால், சிசு இல்லத்தில் கழிக்கும் காலத்தில் மாதங்கள் குறையும். அந்த ஒருவரின் சம்பளத்தைப் பொறுப்பெடுப்பது கொழும்பில் இந்தத் துறையில் ஆகக் கூடுதலான பலன் தரும் கொடை என்பது எங்கள் கணிப்பு. அவர் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஹட்டனிலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு வந்த பெண் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமலே ஒப்பம் வைத்துவிட்டு, பிறகு பிள்ளையைத் திரும்பக் கேட்டு வருவது நடக்காத சம்பவமல்ல.

அந்தப் பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் ஆக மலிவான உதவி சிசு கைவிடப்படுவதற்கு முன்னர் செய்வது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் கைவிடும் பெற்றோருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 308ஆம் பிரிவு ஏழு வருடம் வரை சிறை என்கிறது. இந்தப் பயத்தில்தான் பலர் ஆஸ்பத்திரிக்கே வராமல் மலசலகூடத்தில் பெறுகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் பெற்று, வளர்க்க முடியாது என்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொல்லி நீதிமன்றத்தின் ஊடாக ஒப்படைப்பது கைவிடுதல் ஆகாது. இந்த ஒரு விஷயம் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி அறைகளிலும் கொழும்பு வீடுகளில் வேலை செய்யும் பெண்களிடமும் தமிழிலும் சிங்களத்திலும் போய்ச் சேர வேண்டும். அச்சடிக்கும் செலவு சொற்பம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பல அரச ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் “மித்துரு பியச” என்ற நட்பு நிலையமும் உண்டு.

வளர்க்க ஆசைப்பட்டும் வழியில்லாத தாய்க்கு வேண்டியது மூன்று நாலு மாத வாடகை, பிள்ளையைப் பார்க்க ஓரிடம், அவளுடைய பெற்றோரிடம் போய்க் கதைக்க ஒரு பொதுமனிதர். மாதம் 46,000 ரூபாய் இல்லச் சம்பளக் கணக்கோடு ஒப்பிட்டால் இது குறைவான காசு. ஆனாலும் இதற்குக் கொடுக்க ஆட்கள் முன்வருவதில்லை. “கல்யாணம் கட்டாமல் பெற்றவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்” என்று நேரடியாகவே கேட்பார்கள். அதே வாய் அவள் போட்டுவிட்டுப் போன பிள்ளைக்குப் பால்மா வாங்கிக் கொடுக்கும்.

ஏமாற்று இந்தத் துறையில் பழசு. 1970களிலும் 80களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைச் சிசுக்கள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். போலித் தாய்மார், போலிப் பதிவுகள் என்று பின்னர் வெளிவந்தது, 2017இல் அரசும் அதை ஒப்புக்கொண்டது. 1992இன் திருத்தம் வெளிநாட்டுத் தத்தெடுப்பைக் கட்டுப்படுத்தியது. உள்ளூர் வியாபாரம் நிற்கவில்லை. 2020 டிசம்பரில், மொறட்டுவையில் கர்ப்பிணிப் பெண்களைத் தங்கவைத்துச் சிசுக்களை இணையத்தில் விற்றதாகச் சொல்லி ஒருவரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். ஆகவே “ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கட்டுங்கள், பிள்ளையை உங்கள் பெயரிலேயே பதியலாம்” என்று யார் சொன்னாலும் அது தர்மமல்ல, குற்றம். 1929க்கு அறிவியுங்கள்.

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் இல்லத்தின் பதிவு நடப்பில் உள்ளதா, ஒவ்வொரு சிசுவுக்கும் நீதிமன்றக் கட்டளை இருக்கிறதா, கணக்காய்வு அறிக்கை காட்டுவார்களா. வங்கிக் கணக்கு இல்லத்தின் பெயரில் இருக்க வேண்டும், ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தால் விலகுங்கள். பிள்ளையின் முகத்தைப் போட்டுக் காசு கேட்கும் பக்கங்களையும் விட்டுவிடலாம். அந்தப் படம் பிள்ளை வளர்ந்த பிறகும் இணையத்தில் இருக்கும். நல்ல இல்லம் உங்களைச் சிசு அறைக்குள் விடத் தயங்கும், தடிமன் இருக்கிறதா என்று கேட்கும், தூக்கிப் படம் எடுக்க விடாது. அதைக் கொடையாளிக்கு மரியாதை இல்லை என்று எடுக்க வேண்டாம்.

வரிச் சலுகைக்கு: 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, நோயாளருக்கும் வறியோருக்கும் நிறுவனப் பராமரிப்பு வழங்கும், அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால், தனியாள் ஒருவர் வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபாய், இவற்றில் குறைந்ததைக் கழிக்கலாம். கம்பனிக்கு ஐந்திலொரு பங்கு அல்லது 500,000 ரூபாய். நன்னடத்தைத் திணைக்களப் பதிவு வேறு, இறைவரித் திணைக்கள அங்கீகாரம் வேறு. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத நல்ல இல்லங்களும் உண்டு. பால்மாப் பெட்டிக்குக் கடைக்காரன் தரும் பில்லைக் காட்டி இந்தக் கழிவைக் கேட்க முடியாது, இல்லத்தின் பெயரில் வெட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.